பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களும் தொடர்களும்: நம் பக்கத்து அரங்கில் எவற்றைத் திரையிடலாம்?

கேள்வி: கும்பகோணம், வாசகர் வட்டப் பொறுப்பாளர்

வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு படத்தைத் திரையிட்டு, முடிந்ததும் சாப்பாட்டு நேரம் வரை அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். சம்பா அறுவடையும் மாசி மகக் கூட்டமும் முடிந்து ஊர் சற்று ஓய்ந்திருக்கும் பங்குனியிலிருந்து, இந்த முறை பிரிட்டிஷ் நகைச்சுவையை வரிசையாக எடுத்துக்கொள்ளலாம் என்று உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் கலந்து, 1940களில் தொடங்கி அண்மைக் காலம் வரை பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை.

வருகிறவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் கேள்வி அவர்களைப் பொறுத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள், பாத்திரக்கடை வைத்திருக்கும் இருவர், கல்லூரி மாணவர்கள், சில குடும்பத் தலைவிகள் என்று கலவையான கூட்டம். திருவிடைமருதூரில் பிறந்த தேவனின் கதைகளைப் படித்துச் சிரித்து வளர்ந்தவர்கள் அவர்களில் பாதிப் பேர். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தாலும், வேகமாகப் பேசும் ஆங்கிலத்தைக் காதால் பிடிக்க எல்லோராலும் முடிவதில்லை. மிஸ்டர் பீனை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் எவருக்கும் பெரிய அறிமுகம் இல்லை. சார்லி சாப்ளின் லண்டனில் பிறந்தவர் என்றாலும் அவருடைய புகழ்பெற்ற படங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை என்பதால் அவரை இந்த வரிசையில் சேர்க்கவில்லை.

எங்கு தேடினாலும் 'மிகச் சிறந்த நூறு' என்ற வகைப் பட்டியல்கள்தான் கிடைக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தை நடத்த முடியாது. உங்களில் பார்த்தவர்கள், நம் ஊர் மக்கள் உண்மையிலேயே உள்ளே நுழைந்து ரசிக்கக்கூடியவை எவை, எதிலிருந்து தொடங்க வேண்டும், எதை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: மயிலாடுதுறை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

தயங்காமல் ஈலிங் ஸ்டூடியோவின் படங்களிலிருந்து தொடங்குங்கள், ஐயா. மேற்கு லண்டனில் உள்ள அந்த ஸ்டூடியோவில் மைக்கேல் பால்கனின் தலைமையில் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளுக்குள் எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படங்களுக்கு இணையான ஒரு தொகுதியைப் பிரிட்டிஷ் சினிமா அதற்குப் பிறகு தரவில்லை என்பது என் உறுதியான கருத்து. 1949ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ', 'விஸ்கி கலோர்', 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' ஆகிய மூன்றும் வெளிவந்தன. ஒரே கூரையின்கீழ் ஒரே ஆண்டில் இப்படி நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இவற்றில் உங்கள் கூட்டத்துக்கு முதலாவதாகப் பரிந்துரைப்பது 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'. லண்டனின் ஒரு பகுதியில் வெடிக்காமல் புதைந்து கிடந்த குண்டு ஒன்று வெடிக்கிறது. அந்தப் பள்ளத்தில் கிடைக்கும் பழைய சாசனம், அந்தத் தெருக்கள் நான்காம் எட்வர்ட் மன்னரால் பர்கண்டி நாட்டுப் பிரபுவுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டவை என்று சொல்கிறது. அப்படியானால் அங்கே வாழ்பவர்கள் பிரிட்டனின் சட்டத்துக்கு, குறிப்பாக ரேஷனுக்கு, கட்டுப்பட வேண்டியதில்லை. போர் 1945இல் முடிந்தும் பிரிட்டனில் ரேஷன் 1954 வரை நீடித்தது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள் என்றால், அந்த மக்கள் ரேஷன் அட்டைகளைக் கிழித்துப் போடும்போது ஏற்படும் மகிழ்ச்சியின் அளவு பார்ப்பவர்களுக்குப் புரியும். ரேஷன் கடை வாசலில் நின்று பழகிய நமக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படத்தின் இரண்டாம் பாதியை நம் பகுதிக்கென்றே எழுதியதுபோல் எனக்குத் தோன்றும். அடங்க மறுக்கும் தெருக்காரர்களுக்கு அரசாங்கம் முள்வேலி போட்டுத் தண்ணீரை நிறுத்திவிடுகிறது. அவர்கள் இரவோடு இரவாக வேலிக்கு வெளியே போய்ப் பெருங்குழாயிலிருந்து தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்து குண்டு விழுந்த பள்ளத்தில் தேக்குகிறார்கள். மேலே இருப்பவன் தண்ணீரை அடைத்தால் கீழே இருப்பவனுக்கு என்ன ஆகும் என்பதை மேட்டூர் திறப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம்மைவிட நன்றாக யார் அறிவார்கள்? சோழர் காலத்து நிலக்கொடை ஆவணமான கரந்தைச் செப்பேடுகளைப் பற்றிக் கேள்விப்பட்ட தஞ்சாவூர்க்காரர்களுக்கு, மண்ணுக்கடியிலிருந்து வரும் ஒரு மன்னனின் எழுத்து இன்றைய நில உரிமையைக் கேள்வி கேட்கலாம் என்பதும் அயலான விஷயமாக இருக்காது.

அடுத்து 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்', 1953. ஈலிங் நகைச்சுவைகளில் வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதல் படம் இது. மூடப்படவிருக்கும் ஒரு கிராமத்துக் கிளை ரயில் பாதையை ஊர்மக்களே எடுத்து நடத்துவதுதான் கதை. பாதிரியார் ரயில் ஓட்டுகிறார். போட்டிக்கு வந்த பேருந்து முதலாளிகள் கெடுதல் செய்கிறார்கள். எல்லாம் கைவிட்டுப் போகும் கட்டத்தில் காட்சிக்கூடத்தில் நிற்கும் கிழட்டு என்ஜினை எடுத்து வருகிறார்கள். அதற்காகப் பயன்படுத்தப்பட்ட 'லயன்' என்ற என்ஜின் உண்மையிலேயே 1838இல் கட்டப்பட்டது. வேல்ஸ் நாட்டில் டாலிலின் ரயில் பாதையை 1951இல் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கிய நிகழ்ச்சியே இதற்குத் தூண்டுதல். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயிலை 1980களில் நிறுத்தினார்கள். அந்த வண்டியில் ஏறிப் பள்ளிக்கூடம் போன தலைமுறை எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. இந்தப் படத்தை அவர்களோடு உட்கார்ந்து பார்த்தபோது சிரிப்பும் பெருமூச்சும் மாறிமாறி வந்தன. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் படம் என்பது இன்னொரு வசதி.

'தி லேடிகில்லர்ஸ்' (1955) பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. தனியாக வாழும் ஒரு பாட்டியின் வீட்டு மாடி அறையை, இசைக் குழுவினர் என்று சொல்லிக்கொண்டு ஐந்து கொள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். கிராமபோனில் இசைத்தட்டைச் சுழலவிட்டுவிட்டு உள்ளே திட்டம் தீட்டுகிறார்கள். வயலின் பெட்டியோடு வருகிறவரைச் சந்தேகிக்கவே தோன்றாத நம் ஊர்களில், அந்தப் பாட்டி ஏன் ஏமாந்தார் என்று எவரும் கேட்க மாட்டார்கள். கொள்ளையடித்து முடித்த பிறகு, பாட்டியின் தோழிகள் தேநீருக்கு வந்துவிட, ஓட முடியாமல் மாட்டிக்கொண்ட அந்த முரடர்கள் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பியானோவைச் சுற்றி நின்று மூதாட்டிகளோடு சேர்ந்து பாடுகிறார்கள். கொலைக்கும் அஞ்சாதவர்களை ஒரு வயதான பெண்மணியின் கண்டிப்பு கட்டிப்போடுகிறது. அலெக் கின்னஸ், பீட்டர் செல்லர்ஸ் ஆகியோர் இருந்தும், கேட்டி ஜான்சன் என்ற அந்த மூதாட்டிதான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறார்.

'கைண்ட் ஹார்ட்ஸ்' மிக உயர்ந்த படம்தான். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பாத்திரங்களில் கின்னஸ் ஒருவரே நடித்திருக்கிறார். ஆனால் அதன் அழகு நுட்பமான வாக்கிய அமைப்பில் இருக்கிறது. உங்கள் கூட்டம் பழகிய பிறகு காட்டுங்கள்.

பதில் 2: திருவாரூர், வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்

அம்மா சொன்னவற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் பிரிட்டிஷ் நகைச்சுவையின் உயிர்நாடி 1960களுக்குப் பிறகு தொலைக்காட்சிக்கு இடம் மாறிவிட்டது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். அதற்கு ஓர் அமைப்புக் காரணமும் உண்டு. அமெரிக்கத் தொடர்களைப் பெரிய எழுத்துக் குழுக்கள் ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட பகுதிகளாக எழுதித் தள்ளும். பிரிட்டனில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து ஆறு ஏழு பகுதிகளை மட்டும் எழுதுவார்கள். 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975இலும் 1979இலும் ஆறாறு பகுதிகளாக வந்து, மொத்தம் பன்னிரண்டோடு நின்றுவிட்டது. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதிய அந்தப் பன்னிரண்டையும், 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பிரிட்டனின் தலைசிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியாகத் தேர்ந்தெடுத்தது. கோயில் சீசனில் லாட்ஜ் நடத்திப் பார்த்த எவருக்கும், வாடிக்கையாளரைப் பகைவனாகவே பார்க்கும் அந்த விடுதி முதலாளியின் கதை புரியும்.

உங்கள் கூட்டத்தில் வங்கியில் இருந்தவர்கள் உண்டு என்றீர்கள். அவர்களுக்கு 'டாட்ஸ் ஆர்மி' காட்டுங்கள். 1968 முதல் 1977 வரை வந்தது. இரண்டாம் உலகப் போரில், படையில் சேர முடியாத முதியவர்களும் சிறுவர்களும் ஊரைக் காக்க அமைத்த படையைப் பற்றியது. எழுதிய இருவரில் ஜிம்மி பெர்ரி இளம்வயதில் அப்படிப்பட்ட படையில் இருந்தவர். ஊர் வங்கியின் மேலாளர் மெயின்வேரிங் தன்னைத் தானே கேப்டனாக நியமித்துக்கொள்கிறார். அவருக்குக் கீழே சார்ஜென்டாக இருப்பவர், வங்கியிலும் அவருக்குக் கீழே தலைமை எழுத்தராக இருக்கும் வில்சன். ஆனால் வில்சன் பெரிய குடும்பத்தில் பிறந்து உயர்ந்த பள்ளியில் படித்தவர். மேலாளரோ முட்டி மோதி முன்னேறியவர். பதவி ஒருபக்கமும் பிறவி அந்தஸ்து மறுபக்கமும் இழுக்கும் அந்தக் கயிறு, எண்பது பகுதிகளிலும் ஒருமுறைகூடத் தளர்வதில்லை. மிராசுதார் வீட்டுப் பிள்ளை குமாஸ்தாவாகவும், அவர் வயலில் உழைத்தவரின் மகன் அதிகாரியாகவும் உட்கார்ந்த அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் எதுவும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எல்லாம் ஒரு புருவ அசைவில் இருக்கும். ஜான் லெ மெஸூரியர் வில்சனாக அப்படித்தான் நடித்திருக்கிறார்.

1973இல் வந்த ஒரு பகுதியைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன், போர் முடிந்ததும் பழிவாங்குவதற்காகத் தன்னை அவமதித்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு வருகிறான். படையிலேயே இளையவனான பைக் ஹிட்லரைக் கேலி செய்து பாட, 'உன் பெயரும் பட்டியலில் ஏறும், பெயரைச் சொல்' என்று மிரட்டுகிறான். உடனே கேப்டன் மெயின்வேரிங், பையனைக் காப்பாற்றும் அவசரத்தில், 'சொல்லாதே, பைக்!' என்று கத்துகிறார். மொழி தடையாகாத வசனத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டாம்.

இறுதியாக என் மனத்துக்கு மிக நெருக்கமான 'எஸ் மினிஸ்டர்' (1980-84), அதன் தொடர்ச்சியான 'எஸ், பிரைம் மினிஸ்டர்' (1986-88). ஆன்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் எழுதியது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர் ஒன்றை மாற்ற நினைக்கிறார்; நிரந்தரச் செயலாளர் சர் ஹம்ப்ரி அது மாறாமல் பார்த்துக்கொள்கிறார். 1981இல் வந்த ஒரு பகுதியில் புதிதாகக் கட்டிய மருத்துவமனை ஒன்று வருகிறது. ஐந்நூறுக்கு மேற்பட்ட நிர்வாக ஊழியர்களும் துணைப் பணியாளர்களும் அங்கே சுறுசுறுப்பாக வேலை பார்க்கிறார்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை. மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. நோயாளிகள் இல்லாததால் சுத்தத்துக்கான பரிசு வேறு கிடைக்கும் நிலையில் இருக்கிறது. அமைச்சர் திகைக்கத் திகைக்க, எல்லாப் பிரிவுகளும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதி நிரம்பவே வேலை இருக்கிறது என்று பொறுமையாக விளக்குகிறார்கள். கோப்போடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் மிகை என்று நான் கருதும் இடம் மிகக் குறைவு. இதன் எழுத்தாளர்கள் அதிகாரிகளை முட்டாள்களாகக் காட்டவில்லை என்பதுதான் இதன் பெருமை. சர் ஹம்ப்ரி பெரிய அறிவாளி. அவர் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகவே ஒலிக்கும். இந்தியாவில் 2001இல் 'ஜி மந்த்ரிஜி' என்று இந்தியில் மறு ஆக்கம் செய்தார்கள்; ஃபாரூக் ஷேக் அமைச்சராக நடித்தார். மூலத்தையே காட்டுங்கள், ஆனால் வசன வரிகளைப் படிக்க நேரம் கொடுத்து, இடையில் நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள்.

பதில் 3: நன்னிலத்தைச் சேர்ந்தவர், இப்போது லண்டன் அருகே வசிப்பவர்

எதை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் கேட்டால் பலரும் முதலில் சொல்வது 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தான். 1977 முதல் 1979 வரை லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் தயாரித்த தொடர். வெளிநாட்டவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலை வகுப்பு, பொறுமைசாலியான ஆசிரியர் பிரவுன், அவருடைய மாணவர்களாக ஒரு சீக்கியர், ஒரு பாகிஸ்தானியர், சேலை கட்டிய ஓர் இந்தியப் பெண்மணி என்று நமக்குத் தெரிந்த முகங்கள். சிரிப்பு வரும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொருவரும் தன் நாட்டின் ஒரே ஒரு அடையாளமாக நிற்கிறார். இரண்டாம் வாரம் வரும்போதும் மூன்றாம் ஆண்டு வரும்போதும் அதே இடத்தில் நிற்கிறார். இப்படி இனங்களை வார்ப்புருவாகக் காட்டுவது சரியல்ல என்று கருதிய நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மைக்கேல் கிரேடு அப்போதே அதை நிறுத்தினார். இங்கு வந்து, தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசிய என் முதல் ஆண்டுகளில் கடையிலும் பேருந்திலும் சிலர் என் உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தது இதே ராகத்தில்தான். வீட்டில் ரசிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு வாசகர் வட்டம் பிரிட்டிஷ் நகைச்சுவைக்குச் சான்றாக இதை மேடையேற்ற வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

'இட் ஏன்ட் ஹாஃப் ஹாட் மம்' (1974-81) இன்னும் சிக்கலானது. டாட்ஸ் ஆர்மியை எழுதிய அதே இருவர், இந்தியாவின் தேவ்லாலியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவக் கலைக்குழுவைப் பற்றி எழுதியது. அதில் இந்தியப் பணியாளர் ரங்கி ராமாக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ். ஜான்சியில் பிறந்தவர் என்றாலும் வெள்ளைக்காரர். முகத்தில் கருமை பூசிக்கொண்டு நடித்தார். எழுத்தில் திறமை இருந்தும் அந்தப் பூச்சை என்னால் கடந்து போக முடியவில்லை.

இவற்றுக்கு மறுமொழியாகப் பிறந்தது 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'. 1996இல் வானொலியில் தொடங்கி 1998இல் தொலைக்காட்சிக்கு வந்தது. சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கிர், நீனா வாடியா ஆகியோர் நடித்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு குடித்துவிட்டு இந்திய உணவகத்துக்குப் போய்ப் பணியாளரைக் கிண்டல் செய்யும் ஆங்கிலேய இளைஞர்களின் வழக்கத்தை அப்படியே திருப்பிப் போட்டார்கள். பம்பாயில் ஓர் ஆங்கில உணவகம். குடித்த இந்திய இளைஞர்கள் கூச்சலோடு நுழைகிறார்கள். வெள்ளைக்காரப் பணியாளரின் பெயரைச் சிதைத்துக் கூப்பிடுகிறார்கள். 'இருப்பதிலேயே சப்பென்று இருப்பது எது?' என்று கேட்டு வாங்குகிறார்கள். சில நிமிடங்களே ஓடும் அந்தக் காட்சிக்குள் ஒரு தலைமுறையின் அவமானம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. இதைக் காட்டிய பிறகு கூட்டத்தைப் பேசவிடுங்கள், நிறைய வரும்.

ஓம் பூரி நடித்த 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' (1999) பற்றி ஓர் எச்சரிக்கை. நகைச்சுவைப் படம் என்று விளம்பரம் செய்தாலும், தந்தை மனைவியையும் மகனையும் அடிக்கும் காட்சிகள் மிகக் கடுமையானவை. பெரியவர்களுக்கு மட்டும், முன்னுரையோடு காட்டுவது நல்லது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்ன காரணத்தை உறுப்பினர்களிடம் படித்துக் காட்டினேன். 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' வேண்டும் என்று கேட்டவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். முதலாவது, 1980களில் ஒரு நல்ல திரைப்படம் வேண்டும், அதிகம் பேசாததாக இருந்தால் நல்லது. இரண்டாவது, மாணவர்கள் சிலர் பழையவை மட்டும்தானா என்று கேட்கிறார்கள்.

பதில் 4: மன்னார்குடிப் பக்கம், விவசாயி

முதல் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது: 1983இல் பில் ஃபோர்சைத் இயக்கிய 'லோக்கல் ஹீரோ'.

அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்று ஸ்காட்லாந்தின் கடற்கரைக் கிராமம் ஒன்றை மொத்தமாக விலைக்கு வாங்கிச் சுத்திகரிப்பு ஆலை கட்ட விரும்புகிறது. பேரம் பேச ஓர் ஊழியரை அனுப்புகிறது. பெயர் ஸ்காட்லாந்துப் பெயர்போல் இருப்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். உண்மையில் அவருக்கும் அந்த நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. நம் பகுதியில் 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நடந்தவற்றைப் பார்த்த கண்ணோடு உட்கார்ந்தால், ஊர்மக்கள் எதிர்த்து நிற்பார்கள் என்றுதான் எதிர்பார்ப்போம். படம் அங்கேதான் நம்மைப் புரட்டிப் போடுகிறது. ஊர்மக்கள் விற்கத் துடிக்கிறார்கள். நிறைய விலை கிடைக்க வேண்டுமே என்பதற்காக ஆசையை மறைத்துக்கொண்டு மூலைக்கு மூலை ரகசியமாகக் கூடிப் பேசுகிறார்கள். குளிரிலும் மழையிலும் மீன் பிடித்து ஓய்ந்துபோனவர்கள் அவர்கள். நிலத்தை விற்றுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு விவசாயியே நினைக்கும் ஆண்டுகள் உண்டு என்பதை நான் அறிவேன். அதைக் குற்றமாகக் காட்டாமல், அன்போடு காட்டிய படத்தை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

கடற்கரையில் குடிசை போட்டு வாழும் ஒரு கிழவர் மட்டும் விற்க மறுக்கிறார். அந்தக் கடற்கரை, முன்னோர் ஒருவருக்குச் சாசனமாகக் கொடுக்கப்பட்டு வழிவழியாக அவருக்கு வந்தது. பேரம் பேச வந்தவரிடம் அவர் ஒரு கை மணலை அள்ளிக் காட்டி, 'இந்தக் கையில் இருக்கும் ஒவ்வொரு மணலுக்கும் ஒரு பவுண்டு கொடுப்பீர்களா?' என்று கேட்கிறார். வந்தவர் பயந்துபோய் மறுத்துவிடுகிறார். பிறகுதான் தெரிகிறது, ஒரு கையில் பத்தாயிரம் மணலுக்கு மேல் பிடிக்காது, மிக மலிவாக முடிந்திருக்கும் என்று. அந்த இடத்தில் எண்ணெய் நிறுவனத்துக்காரர் விழிக்கும் விழியும் கிழவர் மணலை மெல்லக் கீழே விடும் பக்குவமும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. கிழவராக நடித்தவர் ஃபுல்டன் மெக்கே. 'பாரிட்ஜ்' என்ற சிறைச்சாலைத் தொடரில் கண்டிப்பான காவலராக வந்தவரும் அவரே.

வசனம் குறைவு, வானமும் கடலும் அதிகம். மார்க் நாஃப்ளரின் இசைக்காகவே நல்ல ஒலிபெருக்கியாகப் பார்த்து வையுங்கள்.

பதில் 5: தஞ்சாவூர், நாடகம் பயிலும் மாணவி

மாணவர்கள் சார்பில் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா?

முதலில், மிஸ்டர் பீனைத் தெரிந்தவர் என்பதால் விட்டுவிடாதீர்கள். 1990ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியின் தேர்வுக் காட்சியை நாங்கள் வகுப்பில் நொடி நொடியாக நிறுத்திப் பார்த்தோம். அவர் முக்கோணவியல் படித்துவிட்டு வந்திருக்கிறார். உறையிலிருந்து எடுக்கும் தாளோ நுண்கணிதம். உறைக்குள் இன்னொரு தாளும் இருப்பதை அவர் பார்க்கவில்லை. தெரியாத கேள்வித்தாளைப் பார்த்ததும் ரோவன் அட்கின்சன் உடனே அலறுவதில்லை. கண் முதலில் தாளின் மேல் நகர்கிறது, பிறகு கழுத்து நிற்கிறது, பிறகுதான் திகில் முகத்துக்கு வருகிறது. பக்கத்து மேசையைப் பார்க்க அவர் உடம்பு எடுக்கும் வழிகளைக் கவனியுங்கள். கால், தோள், மூச்சு எல்லாம் தனித்தனிப் பாத்திரங்களாக நடிக்கும். பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் தாத்தியின் பாதிப்பை அவர் மறைத்ததே இல்லை. கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டுபவர்களுக்கு இந்த ஒரு காட்சியே ஒரு பாடம்.

இதோடு 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்' தொடரிலிருந்து, 1982இல் வந்த சரவிளக்குக் காட்சியையும் சேர்த்துக் காட்டுங்கள். பெரிய மாளிகையில் விலைமதிப்பில்லாத கண்ணாடிச் சரவிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒப்புக்கொண்ட சகோதரர்கள் இருவர், ஏணிகளில் ஏறிக் கீழே துணியை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார்கள். மாடியில் தாத்தா ஆணியைக் கழற்றுகிறார். விளக்கு விழுகிறது, ஆனால் அவர்கள் கீழே துணி பிடித்திருக்கும் விளக்கு அல்ல, பின்னால் இருந்த மற்றொன்று. இருவரும் துணியைப் பிடித்தபடியே நிற்கும் அந்தச் சில நொடி மௌனத்தில்தான் முழுச் சிரிப்பும் இருக்கிறது. எழுத்தாளர் ஜான் சல்லிவன் இதைத் தன் தந்தை சொன்ன உண்மை நிகழ்ச்சியிலிருந்து எடுத்தார்.

புதியவற்றில் 'தி ஆஃபீஸ்' (2001-03), 'ஃப்ளீபேக்' (2016-19) இரண்டும் புகழுக்குத் தகுதியானவை. முன்னதன் சங்கடமான இடைவெளிகள் பழக்கமில்லாதவர்களுக்கு எரிச்சலூட்டும். பின்னதன் பேச்சு குடும்பத்தோடு பார்க்க ஏற்றதல்ல. எனவே கும்பகோணத்துக்கு நான் சொல்வது 'டிடெக்டரிஸ்ட்ஸ்'. 2014இல் தொடங்கியது. எழுதி இயக்கி நடித்தவர், 'தி ஆஃபீஸ்' தொடரில் கேரத்தாக வந்த மெக்கென்ஸி க்ரூக். உடன் டோபி ஜோன்ஸ். இரண்டு நண்பர்கள் உலோகம் கண்டறியும் கருவியோடு வயல்வெளிகளில் நடந்து நடந்து புதையல் தேடுகிறார்கள். கிடைப்பதெல்லாம் பொத்தானும் டின் மூடியும்தான். ஒருவரையும் புண்படுத்தாத, உரத்துப் பேசாத நகைச்சுவை இது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் குளம் தூர் வாரினாலும் செப்புத் திருமேனி கிடைக்கக்கூடிய மண் நம்முடையது. கிடைத்ததும் வட்டாட்சியருக்குத் தகவல் போவதும், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைப் பற்றி டீக்கடையில் விவாதம் நடப்பதும் நாம் அறிந்தவை. காலடியில் என்ன இருக்கிறதோ என்ற நினைப்போடு வயலில் நடப்பவனின் மனநிலை எங்கள் தலைமுறைக்கும் புரியும்.

'பிளாக்ஆடர்' தொடரை மட்டும் துண்டாகக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் உலகப் போரில் நடக்கும் நான்காவது பருவத்தின் ஆறு பகுதிகளையும் பார்த்தவர்களுக்கே, 1989 நவம்பரில் வந்த அந்தக் கடைசிப் பகுதியில் அதன் படைவீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் போவது நெஞ்சில் தைக்கும்.

கேள்வி கேட்டவர்

முடிவு செய்துவிட்டோம். பங்குனியில் 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ', சித்திரையில் 'டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்'. வைகாசியில் 'எஸ் மினிஸ்டர்' மருத்துவமனைப் பகுதியும் 'டாட்ஸ் ஆர்மி' பகுதியும் ஒரே மாலையில், நிறுத்தி நிறுத்தி. ஆனியில் தேர்வுக் காட்சி, சரவிளக்கு, ஆங்கில உணவகம் மூன்றையும் சேர்த்துக் காட்டிப் பேச்சுக்கு அதிக நேரம் ஒதுக்குகிறோம். 'லோக்கல் ஹீரோ'வை ஆடியில், பதினெட்டாம் பெருக்குக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறோம். மன்னார்குடி அண்ணன் அன்று வந்து முன்னுரை பேச வேண்டும் என்பது உறுப்பினர்கள் எல்லோருடைய விருப்பமும். மயிலாடுதுறை அம்மா சித்திரை மாதத்துக்கு அந்தப் பழைய ரயிலில் போன இரண்டொருவரையும் அழைத்து வர முடியுமா? பேருந்து நிலையத்திலிருந்து அவர்களைக் கூட்டிவரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.